கொல்லிப்பாவை சிரிக்கிறாள்!

தோழா!

சேந்தமங்கலம் கடைவீதியிலே நின்று கிழக்கே தலை நிமிர்த்தினால் கொல்லிமலை தெரியும். வல்வில் ஓரி ஆண்ட மலை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டிய மலை. சாமையும் தினையும், பலாவும் மிளகும் தந்து தன் மக்களைக் காத்த மலை. அந்த மலையின்மீது ஒரு பாவை நின்றாள் என்று நற்றிணை பேசுகிறது; அகநானூறு பேசுகிறது; குறுந்தொகை பேசுகிறது. கண்டவர் கண்ணெடுக்க இயலாத எழில் படைத்தவள். அவளைப் பற்றி மக்கள் இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்கள்: பகைவன் மலையேறி வந்தால் அவள் சிரிப்பாளாம், சிரிப்பிலே மயங்கி அவன் நெருங்குவானாம், நெருங்கியவன் பிணமாவானாம்!

பாவையாவது, சிரிப்பதாவது, கொல்வதாவது என்று நீ கேட்பாய். நானும் அப்படிக் கேட்டவன்தான். மேடையிலே இந்தக் கதையைச் சொல்லிக் கேலி பேசிக் கைதட்டல் வாங்கியவன்தான். சென்ற மாதம் சேந்தமங்கலத்துக்குப் பொதுக்கூட்டம் பேசப் போனேன். அன்றுமுதல் கேலி பேச நா எழவில்லை. பாவை மலையைவிட்டு இறங்கிவிட்டாள், தோழா! உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு டப்பிக்குள் புகுந்துகொண்டாள். அழகு நிலையத்திலே, வளையல் கடையிலே, கைப்பேசித் திரையிலே நின்று சிரிக்கிறாள்.

கூட்டத்துக்கு முன்னால் நம் தோழர் ஒருவர் வீட்டிலே உணவு. கிழங்கு லாரியிலே மூட்டை ஏற்றும் தொழிலாளி அவர். கொடிகட்டிய நாள்முதல் நம்மோடு இருப்பவர்; சிறை கண்டவர்; சொந்தச் செலவிலே படிப்பகம் நடத்தியவர். அவருடைய மகள் பரிமாற வந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும். முகம் வெளுத்திருந்தது. கழுத்துக்குக் கீழே வேறு நிறம். கைகளிலே வேறு நிறம். கண்ணிமைகள் அழுது வீங்கியவை போலிருந்தன. அழவில்லை என்றாள். "விடிஞ்சா இப்படித்தானுங்க அண்ணா, பொழுதாச்சுன்னா வீக்கம் காலுக்கு இறங்கிடும்" என்றாள். இப்போது எவ்வளவோ தேவலை என்றும் சொன்னாள்.

நடந்ததைத் தந்தை சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவள்தான் சொன்னாள்.

பெண் பார்க்க இரண்டு குடும்பத்தார் வந்தனர். இருவரும் "நிறம் கொஞ்சம் கம்மி" என்று கூறிச் சென்றனர். அழகு நிலையத்தாள் ஒருத்தி டப்பி ஒன்றைக் கொடுத்தாள். டப்பியின்மேல் தயாரித்தவன் பெயரில்லை; ஊரில்லை; என்ன கலந்தது என்ற விவரமில்லை. விலை மட்டும் இருந்தது, தந்தையின் இரண்டு நாள் கூலி. ஆறு வாரத்திலே முகம் வெளுத்தது. வீதியே வியந்தது! மூன்றாம் மாதம் கணுக்கால் வீங்கிற்று. சிறுநீர் சோப்பு நுரை போல நுரைத்தது. சேலத்து மருத்துவமனையிலே சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளிச் சதை எடுத்துச் சோதித்தார்கள். மருத்துவர் கேட்ட கேள்வி: "முகத்துக்கு என்னம்மா பூசுகிறாய்?"

முகத்துக்குப் பூசியதற்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு? நீ கேட்பது நியாயம். நானும் கேட்டேன். பிறகு படித்தேன். படித்ததைச் சொல்கிறேன், கேள்.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். அதை உண்டாக்க டைரோசினேஸ் என்றொரு நொதி உடலிலே வேலை செய்கிறது. பாதரசம், வெப்பமானியிலே பளபளக்குமே அந்தப் பாதரசம், அதன் உப்பைக் களிம்பிலே கலந்து பூசினால் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. நிறம் உண்டாவது நிற்கிறது, தோல் வெளுக்கிறது. ஆனால் பூசிய பாதரசம் தோலோடு நின்றுவிடுவதில்லை. ஊறி உள்ளே செல்கிறது, இரத்தத்திலே கலக்கிறது, சிறுநீரகத்திலே சேர்கிறது. இரத்தத்தை வடிகட்டும் அந்த நுண்ணிய சல்லடை பழுதாகி, உடலுக்கு வேண்டிய புரதம் சிறுநீரோடு ஒழுகிப்போகிறது. நுரைக்கும் வீக்கத்துக்கும் அதுவே காரணம். பூசியவளோடும் முடிவதில்லை. துண்டிலே ஒட்டும், தலையணையிலே ஒட்டும், அவள் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தைமீதும் ஒட்டும்.

இது என் கற்பனை நாடகமன்று. மலையாள நாட்டிலே, மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லிலே, மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை தம்மிடம் வந்த இத்தகைய நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். 22 பேர். அவர்களுள் 15 பேருக்கு ஒரே வகையான, அரிய வகையான பாதிப்பு. அந்தப் பதினைவரைத் துருவிக் கேட்டபோது, 13 பேர் நோய் தொடங்குமுன் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள் என்பது தெரிந்தது! உலக மருத்துவ ஏடு ஒன்றிலே அதை வெளியிட்டார்கள். களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஆறுதல். கேரள அரசு 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயரிட்டு அழகுப்பொருள் கடைகளிலே புகுந்து சோதனை நடத்தியது.

சட்டம் இல்லையா? இருக்கிறது! சப்பானிலே மினமாட்டா என்றொரு மீனவர் ஊர். ஆலைக் கழிவிலே வந்த பாதரசம் கடலிலே கலந்து, மீனிலே ஏறி, மீனை உண்ட மக்களை முடமாக்கியது. 1956-இல் அந்நோய் உலகுக்குத் தெரிந்தது. அந்த ஊரின் பெயராலேயே 2013-இல் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. இந்தியா 2018-இல் அதை ஏற்றது. 2020-இல் வந்த ஒப்பனைப்பொருள் விதிகள் பாதரசம் கலந்த ஒப்பனைப் பொருளைத் தயாரிக்கவும் கூடாது, இறக்குமதி செய்யவும் கூடாது என்கின்றன. சட்டம் டில்லியிலே. டப்பி சேந்தமங்கலத்திலே. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை.

பாதரசம் ஒன்றுதானா பகைவன்? ஸ்டீராய்டு களிம்பு என்று இன்னொரு கூட்டாளி உண்டு. படைக்கும் அரிப்புக்கும் மருத்துவர் சில நாளைக்கென எழுதித் தரும் மருந்து. அதையே மாதக்கணக்கில் முகத்திலே பூசினால் முதலில் பளபளப்பு. பிறகு தோல் காகிதமாய் மெலிகிறது, நரம்பு சிவந்து தெரிகிறது, பரு பொங்குகிறது, பெண் முகத்திலே முடி முளைக்கிறது. நிறுத்தினாலோ முகம் நெருப்பாய் எரிகிறது. எரிகிறதே என்று மறுபடியும் பூசுகிறார்கள்! கள்ளுக்கடைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் முறையிட்டபின், 2018-இல் மைய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று ஆணையிட்டது. சீட்டு கேட்கும் கடை எத்தனை என்பதை உன் ஊர்க் கடைக்கே சென்று நீ சோதித்துப் பார்க்கலாம்.

நரம்பிலே ஊசி ஏற்றி உடல் முழுவதையும் வெளுக்கிறோம் என்று பெருநகரங்களிலே குளூட்டாதயோன் வணிகமும் நடக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துத் துறை அது ஆபத்து என்று எச்சரித்தும் நடக்கிறது. அது பணக்காரர் பைத்தியம். சேந்தமங்கலத்துக்கு இன்னும் வரவில்லை. வராமலா போகும்?

வெள்ளையனே இந்த வெள்ளையிலே மாண்டிருக்கிறான், தெரியுமோ உனக்கு? ஐரோப்பாவிலே சீமாட்டிகள் ஈய வெள்ளையைக் குழைத்து முகத்திலே அப்பினார்கள். வெள்ளைத்தோல் அவர்களுக்குப் போதவில்லை. வயலிலே வெயில்படும் உழவன் மகளைவிட வெளுப்பாகத் தெரியவேண்டுமே! மரியா கன்னிங் என்பாள், காவன்ட்ரி பிரபுவின் மனைவி, லண்டன் மாநகரே வழியில் நின்று வேடிக்கை பார்த்த பேரழகி. 1760-இல், முப்பது வயதைக் காணாமலே செத்தாள். ஈய வெள்ளையே அவள் உயிரைக் குடித்தது என்று சொல்லப்படுகிறது. தடிப்புகளை மறைக்க மேலும் பூசினாள். பூசப் பூசத் தடிப்பு மிகுந்தது. அந்த அரண்மனைச் சீமாட்டியும் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகளும் ஒரே பாவையின் சிரிப்பிலே சிக்கியவர்கள்தாம்.

நாடகக்காரனாகிய எனக்கு இது புதுப் பாடமாக இருந்திருக்கக் கூடாது. வேடமிடுவதை நாம் 'அரிதாரம் பூசுவது' என்கிறோமே, அந்த அரிதாரம் என்ன? நச்சுப் பொருளான ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல்! பழைய கூத்தாடிகள் அதை இழைத்துப் பூசி விடிய விடிய ஆடினார்கள். ஆனால் விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தெறிந்தார்கள். வேடம் வேறு, முகம் வேறு என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, இந்த வேடத்தை நம் பெண்கள் முகத்திலே நிரந்தரமாக்கியவன் எவன்? வணிகன் என்பாய். 1975-இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'பேர் அண்ட் லவ்லி' என்ற களிம்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிவப்பழகும் சீரழகும் ஒன்றென்று பெயரிலேயே பொறித்தது! அந்தக் களிம்பிலே பாதரசம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும். அது ஊட்டியது வேறு. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் கிடைக்காது. பூசியபின் இரண்டும் கிடைக்கும் என்று விளம்பரத்திலே வீடுவீடாகச் சொல்லிற்று. 2005-இல் ஆடவருக்கும் 'பேர் அண்ட் ஹேண்ட்சம்' வந்தது. (அதைப் பூசும் தோழர்களை நானறிவேன், பெயர் சொல்லமாட்டேன்.) சென்னையிலே 2009-இல் 'விமன் ஆப் வொர்த்' என்ற அமைப்பினர் கருமையும் அழகே என்று இயக்கம் தொடங்கினர். விளம்பரத் தர அமைப்பு 2014-இல் கறுத்தவரைத் தாழ்த்திக் காட்டாதே என்றது. அமெரிக்காவிலே கறுப்பு மனிதன் ஒருவன் கழுத்தைக் காவலன் முழங்காலால் அழுத்திக் கொன்றான், உலகம் கொதித்தது, அந்தக் கொதிப்பு இங்கே எட்டி, 2020-இல் 'பேர்' போய் 'குளோ' ஆயிற்று. பெயர்ப்பலகை மாறிற்று, தோழா. ஆசை மாறிற்றா?

வணிகனைத் திட்டுவது எளிது. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்த வீட்டிலே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர் வணிகரல்லர், நம் தோழர். பெண் பார்க்க வந்து நிறம் கம்மி என்று போன இரு குடும்பத்திலே ஒரு குடும்பமும் நம் கொடி பறக்கும் வீடுதான்! சாதி கேட்கவில்லை என்று பெருமை பேசினார்களாம். நாள் பார்க்கவில்லை, நட்சத்திரம் பார்க்கவில்லை என்றார்களாம். நிறத்தை மட்டும் பார்த்தார்கள். சுயமரியாதைத் திருமணத்துக்குச் 'சிவந்த மணமகள் தேவை' என்று விளம்பரம் கொடுக்கும் கொடுமையை எந்த மேடையிலே ஏற்றி எவர் முன்னால் வைப்பது?

சேந்தமங்கலத்தாருக்கு நான் வேறொன்றையும் நினைவூட்டினேன். மரவள்ளி விளையும் பூமி அது. ஜவ்வரிசி ஆலைகள் புகையும் வட்டாரம். ஜவ்வரிசியின் இயற்கை நிறம் பால்வெள்ளை அன்று, சற்றே மங்கல். ஆனால் சந்தை கேட்பது வெள்ளை வெளேரென்று! வெளுப்புக்கு விலை கூடும் என்பதால் சில ஆலைகள் இரசாயனத்தைக் கொட்டி வெளுத்தன. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சேலத்திலும் நாமக்கல்லிலும் ஆலைகளுக்குள் நுழைந்து மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்தார்கள். உழவர்களும் கலப்படத்தை ஒழி என்று குரல் கொடுத்தார்கள். நன்று, மிக நன்று. பாயசத்துக்குப் போகும் கிழங்குமாவை வெளுத்தால் அதிகாரி வருகிறார், மாதிரி எடுக்கிறார், சீல் வைக்கிறார். பெண்ணின் முகத்தை வெளுக்கும் டப்பியின் மாதிரியை எடுக்க ஏன் எவரும் வரவில்லை? கூட்டத்திலே இதைக் கேட்டபோது முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருத்தி "கேளு சாமி, நல்லாக் கேளு" என்று உரக்கச் சொன்னாள். ஆட்சியிலிருப்போர் எவராயினும் அவரிடம் கேட்கத்தான் வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் அழகு நிலையத்திலும் வளையல் கடையிலும் மாதிரி எடுக்கட்டும்; பெயரில்லா டப்பி விற்றவனைக் கூண்டிலே ஏற்றட்டும்.

தமிழன் என்று மார்தட்டுகிறோமே, தமிழ் இதற்கு என்ன சொல்கிறது? சங்கப் புலவன் தலைவியை அழைக்கும் சொற்களிலே ஒன்று 'மாயோள்', கருநிறத்தாள் என்று பொருள். அவள் மேனியின் எழிலுக்குப் பெயர் 'மாமை'. மாந்தளிர் போலும் அந்த நிறத்தை வியந்து வியந்து பாடினார்கள். அந்த மேனி எப்போது வெளிறும்? தலைவன் பிரிந்த துயரிலே! அதற்குப் 'பசலை' என்று பெயர். அது அழகன்று, நோய். வள்ளுவர் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே அந்த நோய்க்கு ஒதுக்கினார். மாமை அழிந்து பசலை படர்ந்தது என்று தோழி கண்ணீர் விடுவாள். இன்று தோழி என்ன சொல்கிறாள்? "என்னடி கிரீம் போட்ட, சொல்லேன்!" என்கிறாள். அன்று பெருமையாயிருந்த மாநிறம் என்ற சொல்லை இன்று தரகர் எப்படி உச்சரிக்கிறார், கவனித்திருக்கிறாயா? குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பவர் போல, "பொண்ணு மாநிறம்தானுங்க, ஆனாக் குணம் தங்கமுங்க" என்கிறார்!

சங்ககாலத்தைச் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. அன்றும் பெண்ணின் உடலை அளந்து பாடியவன் பெரும்பாலும் ஆண்தான். ஆனால் நோயை நோயென்று அறியும் கண் அன்று இருந்தது.

அந்தக் கண் இன்று இல்லாததுதான் என் கவலை. ஏன் தெரியுமா? பசலை இன்றும் நம் வீடுகளிலே இருக்கிறது! அதன் பெயர் இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிலே 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53.4 பேருக்கு அது உண்டு. இந்தியா முழுமைக்கும் 57. சரிபாதிக்கு மேல், தோழா! உன் வீட்டிலே இரண்டு பெண்கள் இருந்தால் ஒருத்திக்கு இருக்கலாம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறாளா? சோம்பேறி என்கிறாய். தலை சுற்றுகிறது என்கிறாளா? சாக்கு என்கிறாய். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்திருக்கிறாயா, சிவப்பாயிருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பாய் வெளுத்திருப்பதை? பெண்ணுக்கு எங்கே சிவப்பு வேண்டுமோ அங்கே சிவப்பு இல்லை. அதைத் தேட ஒரு தரகரும் வருவதில்லை.

சேலத்து மருத்துவமனையிலே அந்தத் தங்கையின் இரத்தத்தையும் சோதித்தார்கள். 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8 இருந்தது. அவள் பிறந்து இருபத்து மூன்று ஆண்டு. முகத்தை எத்தனை பேர் எத்தனை முறை ஆராய்ந்திருப்பார்கள்! பள்ளியிலே வாரந்தோறும் கொடுத்த நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை வயிறு புரட்டுகிறது என்று சன்னல் வழியே எறிந்தாளாம். எவரும் ஏனென்று கேட்கவில்லை. வீட்டிலே எல்லாரும் உண்டு முடித்தபின் மிஞ்சியதை உண்டாளாம். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்திலே முட்டை தம்பிக்கும் தந்தைக்கும். மாதவிலக்கு பத்து நாள் நீடித்ததைத் தாயிடம் சொல்லவே கூசினாளாம். டப்பிக்குக் கொடுத்த இரண்டு நாள் கூலியை இந்த மூன்றிலே எதற்குக் கொடுத்திருந்தாலும் அவள் நலமாயிருந்திருப்பாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலே அந்தச் சோதனைக்குக் காசும் இல்லை.

கிளைக்கழகச் செயலாளர்களே, படிப்பகத்திலே ஒருநாள் இரத்தப் பரிசோதனை முகாம் வையுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களை முதலில் அழைத்து வாருங்கள். மாத்திரை வயிறு புரட்டினால் உணவுக்குப்பின் விழுங்கச் சொல்லுங்கள். விழுங்கியதும் தேநீர் குடிக்காதிருக்கச் சொல்லுங்கள், தேநீர் இரும்பை உடலிலே சேரவிடாது. பெண்கள் கடைசியில் உண்ணும் வழக்கத்தை எந்தச் சட்டமன்றமும் திருத்தாது, அது உங்கள் அடுக்களையிலே நடப்பது.

இனி நான் மறைக்காமல் சொல்ல வேண்டியதொன்று இருக்கிறது.

உணவு முடிந்து கை கழுவ எழுந்தபோது அந்தப் பெண் கேட்டாள்: "அண்ணா, நம்ம ஊர் மாநாட்டுல உங்க நாடகம் போட்டாங்களே, ஞாபகமிருக்குதுங்களா? அப்பா தோள்மேல உக்காந்து பாத்தேன்."

நினைவிருந்தது. கல்லூரியைப் பாதியிலே விட்டுவிட்டு இயக்கத்துக்கு வந்த புதிதிலே எழுதிய நாடகம். வரதட்சிணையை எதிர்த்து எழுதியது. இரண்டாம் காட்சியிலே மாப்பிள்ளை பெண் பார்க்க வருவான். "பெண் எங்கே?" என்பான். தரகர் சொல்வார்: "எதிரேதானய்யா நிற்கிறாள், விளக்கைப் போடுங்கள்!" கொட்டகை அதிரச் சிரித்தது. எந்த ஊரிலே ஆடினாலும் அந்த இடத்திலே சிரிப்பு. இடையிலே வசனம் கேட்காமற் போகுமென்று நடிகர்கள் சற்று நிறுத்திக் காத்திருப்பார்கள்.

"மறுநாள் பள்ளிக்கூடத்துல எல்லாரும் என்னைப் பாத்து வெளக்கைப் போடு, வெளக்கைப் போடுன்னாங்க. அஞ்சாறு வருசம் அதுதானுங்க எனக்குப் பேரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தந்தை அப்போதும் நிமிரவில்லை. நான் அவரைவிட நன்றாகக் குனிந்துகொண்டேன்.

அன்றிரவு கூட்டத்திலே இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினேன். அடுத்த மாதம் களப்பநாயக்கன்பட்டியிலே அதே நாடகம் நடக்கவிருக்கிறது, சுவரொட்டியும் ஒட்டிவிட்டார்கள். இரண்டாம் காட்சியை எடுத்துவிட்டேன். நடிகர்களுக்கு வருத்தம், சிரிப்பு வரும் ஒரே இடம் அதுதானே என்கிறார்கள். அந்த இடத்திலே என்ன வைப்பது என்று நாலு முறை எழுதிக் கிழித்தாயிற்று. இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.